அலைக்கோபுரம் வந்தது, ஆக்கம் வந்ததா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஒரு பகுதியின் வளத்தை மதிப்பிட நம் முன்னோர் ஆற்றையும் ஏரியையும் பார்த்தனர். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் சாலையையும் இருப்புப் பாதையையும் பார்த்தனர். மின்சாரம் வந்த பிறகு எத்தனை ஊர்களுக்குக் கம்பி இழுக்கப்பட்டது என்று கணக்கெடுத்தனர். இன்று அந்தக் கணக்கில் இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது. எத்தனை ஊர்களுக்கு இணையம் போய்ச் சேர்ந்தது, எத்தனை பேர் கையில் செல்பேசி இருக்கிறது என்பதே அந்த வரி. இந்த எண்ணிக்கை ஏற ஏற நாடும் ஏறும் என்று மேடைதோறும் கேட்கிறோம். பேச்சுப் போட்டிகளில் நாமே அவ்வாறு முழங்கிக் கைதட்டலும் பெற்றிருக்கிறோம்.

இக்கூற்று உண்மைதானா? பாதி உண்மை என்பது என் கருத்து. பாதி உண்மையை முழு உண்மை என்று நம்பிவிட்டால் நட்டம் பெருநகரங்களுக்கு அன்று; நம்முடையதைப் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கே. ஆகவே மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது நம் கடமையாகிறது. புகழ்ந்தும் இகழ்ந்தும் பேசுவதை விடுத்து, நடந்தவற்றை வைத்தே இதை ஆராய்வோம்.

வலையும் விலையும்

முதலில் அண்டை மாநிலமான கேரளத்தின் வடகடற்கரைக்குச் செல்வோம். 1997-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள். வடகரை என்னும் ஊரில் பதினொரு மீனவர்கள் தாங்கள் பிடித்து வந்த மத்தி மீனை வாங்க ஆளின்றிக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே காலை வேளையில், அங்கிருந்து 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த சோம்பாலா, கொயிலாண்டி ஆகிய கரைகளில் இருபத்தேழு பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப இருந்தார்கள். ஒரு கரையில் மீன் மக்கியது. மறு கரையில் மக்கள் மீனுக்குக் காத்திருந்தார்கள். இடையில் குறுக்கே நின்றது மலையா, காடா? இல்லை. செய்தி தெரியாமை ஒன்றே!

ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் இதை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். 1997 முதல் 2001 வரை காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் செல்பேசிச் சேவை படிப்படியாக வந்தது. கரையோரக் கோபுரங்களின் அலை கடலுக்குள் 20 முதல் 25 கிலோமீட்டர் வரை எட்டியது. வலையை இழுத்த கையோடு மீனவர் கரைகளுக்குப் பேசி, எங்கே விலை இருக்கிறதோ அங்கே படகைத் திருப்பினார். அதற்கு முன் பிடிபட்டதில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை வீணாயிற்று. செல்பேசி வந்த பின் அவ்வீண் அடியோடு நின்றது. மீனவரின் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்கியவர் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது. விற்றவருக்கும் ஆதாயம், வாங்கியவருக்கும் ஆதாயம்! இத்தனைக்கும் கடலில் ஒரு மீன்கூடக் கூடுதலாகப் பிறக்கவில்லை.

இந்த ஒரு சான்றே போதும், கருவி கைக்கு வந்தால் வளம் வரும் என்று முடிவு கட்டிவிடலாம் என்று தோன்றும். பலரும் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

விதர்ப்பத்துக்கும் கொங்கணத்துக்கும் பெயர் பெற்ற மராட்டிய மாநிலத்தில் நூறு கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. உழவர்களின் செல்பேசிக்கு விளைபொருள் விலையும் வானிலையும் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டன. மார்செல் ஃபாஃப்சாம்ப்ஸ், பார்ட் மின்டன் என்னும் இருவர் இதை ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். செய்தி பெற்ற உழவருக்கும் பெறாத உழவருக்கும் கிடைத்த விலையில், சராசரியாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்பதே அம்முடிவு.

மூன்றாவது சான்று மத்தியப் பிரதேசத்தினுடையது. அங்கே சோயா விளைவிக்கும் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஐ.டி.சி. நிறுவனம் 'இ-சௌபால்' என்னும் இணையச் சாவடிகளை அமைத்தது. சாவடியில் அன்றாட விலை தெரிந்தது. அத்துடன், அந்நிறுவனமே தன் கிடங்குகளில் உழவரிடம் நேராகக் கொள்முதலும் செய்தது. அபராஜிதா கோயல் என்பவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாவடி வந்த பகுதிகளில் மண்டி விலையே 1 முதல் 3 விழுக்காடு வரை உயர்ந்தது. சோயா பயிரிடும் பரப்பு 19 விழுக்காடு கூடியது.

மூன்றிலும் கருவி ஏறத்தாழ ஒன்றுதான். பயன் மட்டும் ஏன் வேறுபட்டது? நான் புரிந்துகொண்ட காரணம் இது. மீனவருக்குப் படகு இருந்தது; ஒரு கரையில் விலை இல்லையென்றால் மறு கரைக்குப் போக முடிந்தது. சோயா உழவருக்கு மண்டியை விட்டால் இன்னொரு வாங்குநர் இருந்தார். குறுஞ்செய்தி பெற்ற உழவருக்கோ செய்தி வந்ததே தவிர, போவதற்குப் புதிதாக ஓர் இடம் வரவில்லை. விலை தெரிவது ஓர் அறிவு. அவ்வறிவு காசாக மாற வேண்டுமானால், அந்த விலை கிடைக்கும் இடத்துக்குச் சரக்கு போய்ச் சேர வழி வேண்டும்.

தக்காளி தரும் பாடம்

இதை விளங்கிக்கொள்ள நாம் மராட்டியம் வரை போக வேண்டியதில்லை. நம் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு தக்காளிச் சந்தைக்குப் போனால் போதும்.

என் தந்தையார் ஒன்றரை ஏக்கரில் தக்காளி பயிரிடுபவர். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எனினும் செல்பேசியைப் பயன்படுத்துவதில் அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கே பாலக்கோடு என்ன விலை, இராயக்கோட்டை என்ன விலை, ஓசூர் என்ன விலை என்று கேட்டு அறிந்துவிடுவார். விலை நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? நாற்றுக்கும் மருந்துக்கும் மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால் சரக்கை அந்த மண்டியில்தான் இறக்க வேண்டும். முன்பணம் வாங்காதவருக்கும் பத்துப் பெட்டிச் சரக்கை ஓசூருக்கு ஏற்றிச் செல்லும் வண்டி வாடகை, கிடைக்கும் விலை வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. மத்தி மீனுக்கு அன்றைக்கு ஒரு கரையில் மலிவும் மறு கரையில் கிராக்கியும் இருந்தன. தக்காளி விழும்போது எல்லாச் சந்தையிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. அந்நாளில் பறிகூலிகூடத் தேறாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறவர்களும், சாலையோரம் கொட்டுகிறவர்களும் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய அதே காய்தான் இது. எல்லா இடத்திலும் விலை இல்லை என்ற செய்தியை எவ்வளவு விரைவாகத் தெரிவித்தாலும் அதனால் யாருக்கு என்ன பயன்? அந்நேரத்தில் வேண்டியது குளிர்பதனக் கிடங்கு, கூழாக்கும் ஆலை. பக்கத்து மாவட்டமான கிருட்டிணகிரியில் மாங்காய்க்குக் கூழ் ஆலைகள் இருக்கின்றன. மாங்காய்க்கு அமைந்த அந்த வாய்ப்பு தக்காளிக்குப் போதிய அளவில் அமையவில்லை.

ஆகவே, 'உழவர் கையில் செல்பேசி கொடுத்தாயிற்று, இனி அவர் பாடு' என்று சொல்பவர்கள், சாலையையும் கிடங்கையும் கடன் வசதியையும் அதற்குள் அடக்கிவிட முடியாது என்பதை உணர வேண்டும். உலக வங்கி 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட வளர்ச்சி அறிக்கையும் இதே கருத்தைத்தான் வலியுறுத்தியது. கருவிகள் பரவிய வேகத்துக்கு அவற்றின் பயன் பரவவில்லை என்றும், திறனும் நல்ல நிறுவனங்களும் போட்டியுள்ள சந்தையும் உடன் இருந்தால்தான் பயன் கிட்டும் என்றும் அது கூறிற்று.

எளிய கருவி, ஏற்ற செய்தி

இவ்வளவு சொன்னதால் இணையத்தால் சிற்றூருக்குப் பயனில்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். மக்களின் தேவையை முதலில் கேட்டறிந்து, அதற்கேற்பக் கருவியை அமைத்த இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்குப் புதுச்சேரி ஒரு சான்று.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையமாக விளங்கிற்று. அக்காலத்தில் ஊரில் கணினி வைத்திருந்தவர் யார்? இணையம் அறிந்தவர் யார்? வீராம்பட்டினம் என்னும் மீனவ ஊரில் மக்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே: நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்? மைய ஊழியர்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பைப் பெற்று, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கேட்பதற்குக் கணினியும் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். காது இருந்தால் போதும்!

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நல்லவாடு என்னும் ஊரில் இந்த ஒலிபெருக்கியின் அருமை விளங்கிற்று. சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்து எல்லாரையும் மேட்டுப்பகுதிக்கு அனுப்பினார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன; மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள். கருவியின் விலையைக் கொண்டு அதன் பயனை அளக்கக் கூடாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இயற்பியல் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் என்னும் அரசு ஆய்வு மையம் சிற்றூர்களுக்கென்று ஒரு சிறு தொலைபேசி இணைப்பகத்தை உருவாக்கியது. அதற்குக் குளிர்சாதன அறை தேவையில்லை. நம் ஊர் வெப்பத்தையும் தூசியையும் தாங்கி நின்றது. வெளிநாட்டு இயந்திரத்தை வாங்கி வைத்து, அது வெப்பத்தில் கெட்டுப்போகிறதே என்று வருந்துவதை விட, நம் ஊருக்கு ஏற்ற இயந்திரத்தை நாமே செய்வது மேல் என்று அன்றைய பொறியாளர்கள் எண்ணினார்கள். அந்த எண்ணம் போற்றத்தக்கது.

விளக்கு மட்டும் போதுமா?

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறேன்.

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் மலையிறங்கிக் கோவைக்கு வந்தது. கோவை மக்கள் விளக்கு ஏற்றிக்கொண்டு அத்துடன் நின்றுவிட்டார்களா? நூற்பாலைகளை நிறுவினார்கள். கிணறுகளில் பம்புகளைப் பொருத்தினார்கள். பம்பு பழுதானால் திருத்தப் பட்டறை வைத்தார்கள். திருத்தியவர்கள் ஒருநாள் 'இதை நாமே செய்தால் என்ன?' என்று கேட்டார்கள். 1930-களின் பிற்பகுதியில் ஜி.டி.நாயுடு, டி.பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் அங்கே மின்மோட்டார் உருவாயிற்று. 1945-இல் தொழில்நுட்பக் கல்லூரியும் வந்தது. இன்று நாட்டின் பல மூலைகளுக்கும் மோட்டாரும் பம்பும் கோவையிலிருந்து போகின்றன. மின்சாரம் பிற்காலத்தில் எல்லா ஊருக்கும்தான் வந்தது. ஆனால் அதை வாங்கிப் பயன்படுத்தியதோடு நின்ற ஊர்களுக்கும், அதைக் கொண்டு புதிதாக ஒன்றைச் செய்து வெளியே விற்ற ஊருக்கும் உள்ள வேறுபாடு இன்றைக்கும் கண்கூடு.

மின்சாரத்தின் வரலாறு இணையத்துக்கும் பொருந்தும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் ஆயிரம் செல்பேசிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் மாதம் முந்நூறு ரூபாய் கட்டணம் செலுத்துவதாகவும் கொள்வோம். மாதத்துக்கு மூன்று இலட்சம் ரூபாய். ஆண்டுக்கு முப்பத்தாறு இலட்சம் ரூபாய். இந்தத் தொகை ஊரை விட்டு வெளியே போகிறது. அதற்கு மேல் இணையத்தில் வாங்கும் துணிமணி, பாத்திரம், செல்பேசியின் விலை ஆகிய எல்லாம் வெளியே போகின்றன. போவது தவறு என்று நான் சொல்லவில்லை. உப்பும் இரும்பும்கூட வெளியிலிருந்துதான் வருகின்றன. என் கேள்வி ஒன்றே: அதே கம்பி வழியாக ஊருக்குள் வரும் பணம் எவ்வளவு? முப்பத்தாறு இலட்சம் போய் மூன்று இலட்சம்தான் திரும்பி வருகிறது என்றால், அந்த ஊருக்கு இணையம் வாய்க்காலாகப் பயன்படவில்லை, வடிகாலாகத்தான் பயன்படுகிறது.

வாய்க்காலாக ஆக்கியவர்களும் இருக்கிறார்கள். தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் 2011-இல் சோஹோ நிறுவனம் ஓர் அலுவலகம் தொடங்கியது. உலகெங்கும் விற்கும் மென்பொருளுக்கான வேலை அந்த ஊரில் நடக்கிறது. அங்கேயே பயிற்சிப் பள்ளியும் வைத்து உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கற்பிக்கிறார்கள். சென்னையில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டைடல் பூங்காவைப் போன்ற சிறு பூங்காக்கள் 2024-இல் விழுப்புரம் மாவட்டத்திலும் தஞ்சையிலும் சேலத்திலும் தூத்துக்குடியிலும் திறக்கப்பட்டன. வேலையைத் தேடி ஆள் போன காலம் மாறி, ஆள் இருக்கும் இடத்துக்கு வேலை வர முடியும் என்பதற்கு இவை அடையாளங்கள். எல்லா ஊருக்கும் இப்படி ஒரு பெரிய நிறுவனம் வந்துவிடாது என்பதும் உண்மை. ஆகவே பெரியவர்கள் வரும்வரை காத்திருக்காமல் சிறிய அளவில் நாமே தொடங்கத் தக்கவை யாவை என்றும் எண்ண வேண்டும்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பாரின் வாதம் ஒன்றையும் கேட்போம். 'இணைய வணிகம் வந்து கடைத்தெருச் சிறு வணிகரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டது, இதுவா வளர்ச்சி?' என்பார்கள். இது புறந்தள்ளக் கூடிய வாதம் அன்று. நம் கடைத்தெருவில் செல்பேசி விற்பவர், புத்தகம் விற்பவர், ஆயத்த ஆடை விற்பவர் ஆகியோரைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் 2016-இல் வந்த யு.பி.ஐ. முறை அதே கடைத்தெருவில் சில்லறை இல்லை என்ற சச்சரவைக் குறைத்திருக்கிறது. கைவண்டியில் காய் விற்கும் பாட்டியும் இன்று பேரங்காடி வாங்கும் அதே முறையில் பணம் வாங்குகிறார். இதுவும் அதே இணையத்தால் வந்ததுதான். எனவே கருவியைப் பழிப்பதில் பயனில்லை. அது வலியவர் கையில் மட்டும் இருக்கிறதா, எளியவர் கையிலும் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

யார் கையில் இருக்கிறது?

எல்லார் கையிலும்தான் செல்பேசி இருக்கிறதே என்று கேட்கலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வேறு விதமாகச் சொல்கிறது. 2019–21-இல் எடுத்த ஐந்தாவது கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு 33 பேர். ஆண்களில் 57 பேர். தாமே பயன்படுத்தும் செல்பேசியை உடைய பெண்கள் நூற்றுக்கு 54 பேர். அதன்பின் இந்த எண்ணிக்கை உயர்ந்திருக்கும். ஆனாலும் வீட்டில் ஒரு செல்பேசி இருந்தால் அது யாருடையது என்பது நம் வீடுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் பள்ளி மாணவி. எங்கள் வீட்டில் படிப்பவர் மூவர், செல்பேசி ஒன்று. அது காலையில் தந்தையாரோடு சந்தைக்குப் போய்விடும். வந்த பிறகு அண்ணனுக்கு முதல் உரிமை. இரவு ஒன்பது மணிக்கு என் முறை வரும். அப்போது அன்றைய தரவு தீர்ந்திருக்கும். அந்த நாளில் கல்வித் தொலைக்காட்சி எனக்குக் கைகொடுத்தது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. செல்பேசி உள்ள வீடு என்று கணக்கெடுப்பவர் குறித்துக்கொள்ளும் ஒரு வீட்டுக்குள், அது யாருக்கு எத்தனை நாழிகை கிடைக்கிறது என்பது குறிப்பில் ஏறுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது மொழி. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, உதவித்தொகை ஆகிய எல்லாவற்றுக்கும் இன்று கணினி வழியேதான் விண்ணப்பிக்கிறோம். தாலுகா அலுவலகத்துக்குப் பத்து நடை நடந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். ஆனால் படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், படிக்கத் தெரியாத பெற்றோர் அதை நிரப்பித் தரும் கடைக்காரரிடம் போய் நிற்கிறார்கள். அவர் கேட்கும் தொகையைக் கொடுக்கிறார்கள். அவர் பெயரைத் தவறாக அடித்துவிட்டால் மறுபடியும் கொடுக்கிறார்கள். அன்று மனு எழுதித் தருபவர் மரத்தடியில் அமர்ந்திருந்தார். இன்று மின்விசிறியின் கீழ் அமர்ந்திருக்கிறார். நம் அறியாமைக்கு நாம் கட்டும் வரி மட்டும் மாறவில்லை.

தமிழால் கணினியில் இயலாது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' விசைப்பலகை வகுக்கப்பட்டது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. எழுத்து இருக்கிறது, விசைப்பலகை இருக்கிறது. தமிழில் படிவம் வேண்டும் என்று கேட்கும் குரலும், செய்து தரும் மனமும்தாம் இன்னும் வலுப்பெற வேண்டும்.

நாம் செய்யத் தக்கவை

அரசு செய்ய வேண்டியவை பல. நாட்டின் இரண்டரை இலட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டம் 2011-இல் ஒப்புதல் பெற்றது. அதுவே பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பது அதன் மாநிலப் பகுதியின் நோக்கம். கம்பி ஊராட்சி அலுவலகச் சுவர் வரை வந்து நின்றுவிடாமல், அரசுப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் உழவர் சந்தைக்கும் போய்ச் சேர வேண்டும். 2025–26 நிதிநிலை அறிக்கையில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் கோவைக்கு வந்த மின்சாரத்தைப் போல அது ஆக்கத்துக்குப் பயன்பட வேண்டுமானால் அப்பொறுப்பு அரசை விட்டு நம் கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே நம் அளவில் சில யோசனைகளை முன்வைக்கிறேன். பேராசிரியப் பெருமக்கள் இவற்றைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டுகிறேன்.

முதலாவது: நம் கல்லூரிக் கணினிக் கூடம் வகுப்பு முடிந்த பின் பூட்டப்படுகிறது. மாலை ஆறு மணி வரை அதைத் திறந்து வைக்கலாம். அதில் குறிப்பிட்ட நாழிகையை மாணவியருக்கென்று ஒதுக்கலாம். வீட்டில் இரவு ஒன்பது மணி வரை காத்திருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரும் செல்வம்.

இரண்டாவது: நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடக்கும் ஊர்களில் சாலை கூட்டுவதோடு, விண்ணப்ப உதவி முகாமும் நடத்தலாம். சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கப் பெற்றோருக்கு நாமே கற்றுத் தரலாம். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

மூன்றாவது: பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் சந்தைகளின் தக்காளி விலையை நாள்தோறும் குறித்து ஆண்டு முழுவதும் ஓர் ஏடு பேணலாம். புள்ளியியல் கற்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். எந்த மாதத்தில் நட்டால் எந்த மாதத்தில் விலை விழுகிறது என்பதைக் காட்டும் ஐந்தாண்டுக் குறிப்பு, விடியற்காலையில் கேட்கும் ஒரு நாள் விலையை விட உழவருக்குப் பயன்படும். அன்றைய விலை தெரியும்போது செடி காய்த்துவிட்டது, மாற்ற வழியில்லை. நடும் முன் தெரிந்தால் மாற்ற வழியுண்டு. ஒரு கூழ் ஆலையோ கிடங்கோ வேண்டும் என்று அரசிடம் கேட்கும்போதும் இவ்வேடே நம் பக்கம் பேசும்.

நான்காவது: நம் ஆய்வுக்கூடத்தில் வெப்பமானியையும் மின்தடையையும் அளந்து பதிவேட்டில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அதே அறிவைக் கொண்டு மண் ஈரம் காட்டும் சிறு கருவியையோ, கிடங்கின் வெப்பநிலை ஏறினால் செல்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவியையோ செய்து பார்க்கலாம். முதலில் செய்வது ஓடாது, இரண்டாவது ஓடும், மூன்றாவதை ஒருவர் வாங்கவும் கூடும். கோவைப் பட்டறைகளின் வரலாறும் இப்படித்தான் தொடங்கியது.

செல்பேசியில் பிள்ளைகள் பொழுதைப் போக்குகிறார்கள் என்று பெரியோர் வருந்துவது நம் காதில் விழாமல் இல்லை. அவ்வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அறிவுரையால் மட்டும் அது மாறாது. பார்ப்பதற்கு மட்டுமே கருவியைக் கொடுத்தால் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். செய்வதற்கு ஒரு வேலையும் சேர்த்துக் கொடுத்தால் செய்வார்கள்.

நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். பட்டம் பெற்றபின் ஓசூருக்கோ பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுவதே நம் பெற்றோர் நமக்கு விரும்பும் நல்வாழ்வு. போகிறவர்களைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை, வயிறு அப்படி. ஆனால் ஒரு பகுதியில் படித்தவர் எல்லாரும் வெளியேறி, அங்கே கோபுரங்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தால் அதை வளர்ச்சி என்று எந்த அறிக்கை எழுதினாலும் நாம் ஒப்பக் கூடாது. போக வேண்டும் என்று விரும்புபவர் போகவும், இருக்க வேண்டும் என்று விரும்புபவர் இருந்து பிழைக்கவும் இயலும் நிலையே வளர்ச்சி.

கோபுரம் வந்துவிட்டது, கம்பியும் வந்துகொண்டிருக்கிறது. அதன் வழியே ஊர்ச் செல்வம் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா, உள்ளே வரச் செய்வதா என்பதைச் சென்னையிலும் தில்லியிலும் இருப்பவர்கள் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. நம் ஆய்வுக்கூடத்திலும் நம் சந்தையிலும் நாம் செய்யும் வேலையும் அதை முடிவு செய்யும். அவ்வேலையை இவ்வாண்டே தொடங்குவோம். வளர்க நம் பகுதி!